ஊதா அடித்த தெரு

ஒரு ஊருக்கு எதற்கு இரண்டு வரைபடம் என்று யாராவது கேட்டால் ஜோலீன் பாஷ்கேவுக்கு அன்றைய பொழுது போயிற்று என்று அர்த்தம். எங்கள் ஓட்டர் பெண்ட் நகராட்சியின் திட்டப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். முதல் படம் இன்றைய படம். இந்த மனையில் வீடு கட்டலாம், இதில் கடை வைக்கலாம், இதில் ஆலை நடத்தலாம் என்று மண்டலம் பிரித்துச் சொல்வது. இரண்டாவது, நாளைய படம். இருபது வருஷம் கழித்து ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து கனவு கண்டு வண்ணம் தீட்டியது. இரண்டிலும் மஞ்சள் என்றால் தனி வீடு, ஆரஞ்சு என்றால் நெருக்கமான வீடுகள், சிவப்பு கடைத்தெரு, ஊதா ஆலை. கனவும் நனவும் ஒத்துப்போக வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. எந்த ஊரில் ஒத்துப்போயிருக்கிறது? எங்கள் ஊரில் நூற்றுக்கணக்கான மனைகளுக்கு ஒரு படம் ஒன்று சொன்னது, மற்றது வேறொன்று சொன்னது.

அதைச் சரிசெய்கிற வேலை ஜோலீன் தலையில் விழுந்தது. முக்கால்வாசி சில்லறைச் சமாச்சாரம். கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு படத்தில் கடைத்தெரு என்று சிவப்பு அடித்திருந்தார்கள். அங்கே யார் போய் எதை வாங்குவது? ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பாதி ஏரிக்குள் கிடந்தது. ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்ததில் அவளுக்குக் கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புருஷனிடம் இரண்டு வார்த்தை பேசக்கூடத் தெம்பில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், அதுவரை தள்ளிவிட்டால் போதும் என்று இருந்தாள்.

டானரி தெரு மட்டும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இல்லை. ஆற்றங்கரையோரம் பத்துப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் தோல் ஆலைத் தொழிலாளிகளுக்காக ஒரு காலத்தில் கட்டியவை. ஆலை பெரிதாகும், அந்த வீடுகளையும் சேர்த்து விழுங்கும் என்று நம்பி அப்போதைய நகராட்சி கரை முழுக்க ஊதா அடித்துவிட்டது. ஆலை பெரிதாகவில்லை, பூட்டிக்கொண்டு போயிற்று. வீடுகள் நின்றன, அடித்த ஊதாவும் நின்றது. பின்னால் வந்தவர்கள் நாளைய படத்தில் மட்டும் அந்தத் தெருவுக்கு ஆரஞ்சு போட்டார்கள். இன்றைய படத்தைத் தொடச் சோம்பலாக இருந்திருக்கும். ஆகவே டானரி தெருவில் வீடு என்பது சட்டப்படி இருக்கவே கூடாத பொருள். பழையது என்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கூரை மாற்றலாம், சாயம் பூசலாம். பாதிக்கு மேல் எரிந்தாலோ இடிந்தாலோ அந்தப் பொறுமை தீர்ந்தது, திரும்பக் கட்ட முடியாது. இது அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

போன மார்ச்சில் லவோன் ட்ரிட்டினின் வீடு எரிந்தது. புருஷன் போனபின் தனியாக இருந்த வீடு. சுவருக்குள் பழைய மின்கம்பி ஏதோ பொறி விட்டிருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்தபோது புகைபோக்கிதான் மிச்சம். எழுபத்தொரு வயதில் இரவு அங்கியோடு பனியில் நின்றவளை, பக்கத்து வீட்டு டெல்மர் ஸ்கார் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி அழைத்துப் போனார். டெல்மரின் மனைவி உயிரோடு இருந்தவரை அவளும் லவோனும் இணைபிரியாத சிநேகிதிகள். "பேஸ்மென்ட்ல ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு. வீடு கட்டி முடியற வரைக்கும் இரு. யார் என்ன பேசினா என்ன, நமக்கு இனிமேயா பேர் கெடப் போவுது?" என்றார்.

காப்பீட்டுக்காரர்கள் சரி என்றார்கள், கொத்தனார் சரி என்றார். ஏப்ரலில் லவோன் நகராட்சிக் கவுண்டருக்கு வந்து அனுமதி கேட்டாள். ஜோலீன் கணினியில் அந்த மனையைத் தேடி எடுத்துப் பார்த்தாள். ஊதா. வீடு கட்ட அனுமதி தர வழியில்லை என்று சொன்னாள்.

"ஏம்மா, நான் என்ன ஆலையா கட்டப் போறேன்? ஒரு சமையக்கட்டு, ஒரு படுக்கற ரூம். அதுவும் எரிஞ்ச எடத்துலயே."

"தெரியுது, லவோன். ஆனா அந்த எடத்துல ஆலை கட்டத்தான் அனுமதி. வீடு கட்டக் கூடாது."

"அப்ப ஆலைன்னே எழுதிக்கோ. உள்ள ஒரு கட்டிலும் அடுப்பும் போட்டுக்கறேன். யாரு வந்து பாக்கப் போறா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் லவோன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நெஜமாவே முடியாதா?" என்று கேட்டாள்.

ஜோலீன் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். அந்தக் கவுண்டரில் நிற்பவள் எவளும் வாக்குக் கொடுக்கக் கூடாது, ஆனாலும் கொடுத்தாள். "ரெண்டு படத்தையும் ஒத்துப்போக வைக்கற வேலை எங்கிட்டத்தான் இருக்கு. உங்க தெருவையும் அதுல சேர்த்துடறேன். இன்னைக்கு படத்துலயும் ஆரஞ்சு ஆயிடுச்சுன்னா மறுநாளே அனுமதி. நானே கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டாந்து தர்றேன்."

கோடையெல்லாம் வேலை பார்த்து இலையுதிர்காலத்தில் நகர மன்றத்தின் முன்னால் வைத்தாள். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிற விசாரணைக்குக் குறித்த நாள் மான் வேட்டை தொடங்குகிற வாரத்தில் விழுந்தது. எங்கள் ஊரில் அந்த வாரம் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். கூட்டம் வைத்தவனைத்தான் உதைக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு காட்டில் இருந்தார்கள், கூட்டம் நடக்கவில்லை. அடுத்த மாதம் பனிப்புயல். ஜனவரிக்குப் போயிற்று.

ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் லவோன் வந்து கவுண்டரில் நின்றாள். குறை சொல்லவில்லை. ஒருமுறை மட்டும் சொன்னாள்: "டெல் தங்கமான மனுஷன். ஆனா அடுத்தவங்க வீட்ல இருமறதுக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கு, ஜோலீன். ராத்திரி தொண்டை கமறுச்சுன்னா தலகாணிய வாயில வச்சுக்கறேன்."

விசாரணைக்கு முன்னால் அக்கம்பக்கத்து மனைக்காரர்கள் எல்லாருக்கும் கடிதம் போக வேண்டும் என்பது விதி. ஜோலீன் எழுதிய கடிதத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: "இப்போதைய நிலையில் உங்கள் வீடு எரிந்தால் திரும்பக் கட்ட முடியாது." நகராட்சி வக்கீல் அதை அடித்துவிட்டார். அப்படி எழுதினால் நாளைக்கு வீட்டை விற்கிறவன் விலை விழுந்ததென்று நம்மேல் வழக்குப் போடுவான் என்றார். அந்த இடத்தில் "சட்டப்பூர்வ இணக்கமற்ற பயன்பாடுகள் முறைப்படுத்தப்படும்" என்று போட்டார். ஜோலீன் ஒருமுறை சண்டை போட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை போட உடம்பில் சக்தி இல்லை. கடிதம் அப்படியே போயிற்று.

கடிதத்தைப் பிரித்தவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் "மண்டல மாற்றம்" என்ற இரண்டு வார்த்தைதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும், ஊரே எழுந்து நிற்கும். அடுக்குமாடி வரப் போகிறது, கார் நிறுத்த இடம் இருக்காது, யார் யாரோ குடி வருவார்கள் என்று டானரி தெருவில் புகை கிளம்பியது. முன்னால் நின்றவர் வேறு யாரும் இல்லை, டெல்மர்தான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு காலத்தில் நடைபாதை போடுகிறோம், மரம் நடுகிறோம் என்று சொல்லி நகராட்சி எல்லார் முன்வாசலிலும் பத்தடி எடுத்துக்கொண்டது. நடைபாதை வந்தது, மரம் இன்றுவரை வரவில்லை. அதிலிருந்து நகராட்சி நல்லது செய்ய வருகிறது என்றால் டெல்மர் கதவைச் சாத்துகிறவர்.

விசாரணைக்கு நாலு நாள் முன்னால் ஜோலீன் டெல்மர் வீட்டுக்கே போனாள். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய உருளைக்கிழங்கு இறைச்சிப் பாத்திரம் நடுவில் ஆவி பறக்க இருந்தது. டெல்மர் தட்டில் மலையாகப் போட்டு அவள் முன்னால் வைத்தார். "சாப்பிடு மொதல்ல. எலும்பும் தோலுமா இருக்கே. உங்க நகராட்சி சோறுகூட போடறதில்லையா?"

ஜோலீன் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். "இப்போ உங்க தெரு ஊதா. ஊதான்னா ஆலை. வீட்டுக்கு எடமில்லை. லவோன் வீட்டைக் கட்ட முடியாததுக்கு அதுதான் காரணம். ஆரஞ்சா மாத்தினாத்தான் கட்ட முடியும்."

"அப்ப நான் நாப்பது வருஷமா ஆலைக்குள்ளயா தூங்கறேன்?" என்றார் டெல்மர். மேஜையே குலுங்கச் சிரித்தது.

"டெல், இதைத்தான் நானும் சொல்லிட்டே இருக்கேன்," என்றாள் லவோன் அடுப்பருகில் நின்றபடி.

"நீ பேசாம இரு. ஒன்ன வச்சு காரியம் சாதிக்கப் பாக்கறாங்க. வீடு இருந்த எடத்துல வீடு கட்டறதுக்கு எவன் வேணாங்கறான்? எவனோ ஒரு குமாஸ்தா தப்பா எழுதி வச்சிருப்பான். நாம எல்லாருமா போயி சத்தம் போட்டா தானா சரியாயிடும். ஏம்மா ஜோலீன், நீ நல்ல பொண்ணு, பொய் சொல்ல மாட்டே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அந்த ஆரஞ்சுல நாலு குடித்தனம் இருக்கற கட்டடம் கட்டலாமா, கூடாதா?"

அவள் ஃபோர்க்கைக் கீழே வைத்தாள். "கட்டலாம். ஆனா..."

"பாத்தீங்களா!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினார் டெல்மர்.

ஆனாவுக்குப் பிறகு வருவதை யார் கேட்டார்கள்? தனி வீட்டுக்கான மஞ்சள் மனைக்கு அறுபதடி அகலம் வேண்டும், டானரி தெரு மனைகள் நாற்பதடி. மஞ்சள் அடித்தால் எல்லா வீடும் மறுபடி சட்டத்துக்கு வெளியே போய்விடும். குறுகலான மனையில் வீடு கட்ட விடுகிற நிறம் ஆரஞ்சு ஒன்றுதான். இதையும் சொன்னாள். புதிதாக ஒரு நிறம் உண்டாக்கியிருக்கலாமே என்று யாராவது கேட்டிருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். உண்டாக்கியிருக்கலாம். அதற்கு இன்னும் ஒரு வருஷ வேலை ஆகியிருக்கும், திட்டப் பிரிவில் இருந்தது அவள் ஒருத்தி. நல்லவேளை, கேட்கவில்லை. புறப்படும்போது டெல்மர் மீந்த சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கையில் திணித்தார். வயிறு நிறைய சோறு போடுவார், வார்த்தைக்கு மட்டும் காது கொடுக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷனிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

விசாரணை நாளன்று மன்றக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. கோட்டும் பனிக் காலணியுமாக டானரி தெரு முழுக்க வந்திருந்தது. ஜோலீன் திரையில் இரண்டு படத்தையும் போட்டு விளக்கினாள். இணக்கமற்ற பயன்பாடு, ஒத்திசைவு, பிரிவு இத்தனை, உட்பிரிவு இத்தனை. பேசப் பேச, தன் வாயிலிருந்து வருவது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "உங்கள் வீடு எரிந்தால்" என்று அவள் ஆரம்பித்தபோது அவர் கனைத்தார். அவள் வார்த்தையை மாற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜை மேல் பச்சை விளக்கு எரியும், நேரம் முடிந்தால் சிவப்பு. முதலில் டெல்மர் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாங்க உங்ககிட்ட எதுவும் கேட்டு வரலை. எங்களுக்கு எதுவும் வேணாம். எங்க தெருவ உள்ளபடியே விட்டுடுங்க, அது போதும். என் பக்கத்து வீட்டு லவோன் எல்லாத்தையும் தீக்குக் குடுத்துட்டு நிக்கறா. அவ துக்கத்தக் காட்டி அங்க அடுக்குமாடி கட்ட வழி பண்ணாதீங்க. அவ மனையில அவ வீடுதான் வரணும். அதுக்கு நாங்க எல்லாரும் காவல் இருப்போம்."

கூடம் கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். அடுத்து ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே சொன்னார்கள்.

கடைசியில் லவோன் எழுந்தாள். ஒலிவாங்கி அவள் நெற்றிக்கு நேராக இருந்தது, யாரும் தாழ்த்திக் கொடுக்கவில்லை. "எனக்கு இந்த கலர் வெவரமெல்லாம் தெரியாது," என்றாள். "ஜோலீன் சொன்னது எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். மாத்தலேன்னா நான் வீடு கட்ட முடியாது. எங்க தெருக்காரங்க எனக்காகத்தான் வந்திருக்காங்க, அது எனக்குத் தெரியும். ஆனா தயவு செஞ்சு மாத்திக் குடுங்க. எனக்கு என் வீடு வேணும்." இன்னும் நிறைய நேரம் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவளுக்கு மேற்கொண்டு சொல்லத் தெரியவில்லை, போய் உட்கார்ந்துவிட்டாள். பாவம், பயப்படுகிறாள் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். டெல்மர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வட்டாரத்து மன்ற உறுப்பினர் கர்ட் வீஸ். யாரையும் நோகடிக்காமல் எல்லாரையும் திருப்திப்படுத்துகிற சமர்த்தர். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஜோலீன், சட்டம் கேக்கறது என்ன? ரெண்டு படமும் ஒத்துப்போகணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"எந்தப் படத்த எதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னு சட்டம் சொல்லுதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "சொல்லலை. ஆனா நாளைக்கு படம்தான்..."

"அப்ப நாளைக்கு படத்துலயும் டானரி தெருவ ஊதாவாவே போட்டுடலாமே? இன்னைக்கு படத்தத் தொட வேணாம். ஜனங்க கேட்ட மாதிரி உள்ளபடியே இருக்கும். ரெண்டும் ஒத்துப்போன மாதிரியும் ஆச்சு. இது சட்டத்துக்கு ஒத்து வருமா, வராதா?"

"வீஸ், அப்படிப் பண்ணினா அந்தத் தெருவுல ஒரு வீடும் திரும்ப..."

"உங்க விளக்கத்த நாங்க முழுசா கேட்டோம், ஜோலீன். நான் கேட்டது சின்னக் கேள்வி. ஒத்து வருமா?"

வக்கீல் அவளைப் பார்த்தார். லவோன் அவளைப் பார்த்தாள். இருபது வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்து உண்மையை மட்டுமே சொல்லிப் பழகியவள். "ஒத்து வரும்," என்றாள். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வாக்கெடுப்பில் உறுப்பினர்களில் ஒரு கை விடாமல் எல்லாக் கையும் உயர்ந்தது. அப்படிக் கூடம் ஆரவாரித்து யாரும் பார்த்ததில்லை. ஊர் முழுவதும் இரண்டு படமும் அன்றைக்கு ஒத்துப்போயின, கல்லறைத் தோட்டம், பள்ளிக்கூட மைதானம், டானரி தெரு எல்லாம். மேயர் ஜோலீனின் உழைப்பைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசினார். நாளைய படத்தை எங்கள் ஊரில் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். அதுவரை இன்றைய படத்தை மட்டும் மாற்றவும் முடியாது, மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாது. அது அவளுக்குத் தெரியும்.

வெளியே கார் நிறுத்தத்தில் மூச்சு வெள்ளையாகப் பறந்தது. டெல்மரைச் சுற்றிக் கும்பல் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது. ஜோலீன் விறுவிறுவென்று அவரைப் பார்த்து நடந்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே, முகத்துக்கு நேரே. பாதி வழியில் லவோன் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம். சொல்லாதே."

"லவோன், என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"எனக்கென்ன காது செவிடா? புரிஞ்சுது. முடிஞ்சு போச்சு, அவ்வளவுதானே. எத்தன வருஷத்துக்கு?"

"பத்து வருஷம்."

லவோன் தலையாட்டினாள். "அப்ப எனக்கு எம்பத்தொண்ணு," என்றாள்.

"உங்களுக்குக் கோவமே வரலையா?"

"வராமலா? அவன் மண்டையிலயே நச்சுன்னு ஒண்ணு போடணும் போல இருக்கு. போட்டுட்டு எங்க போயி படுக்கறது?" கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொண்டாட்டி போனப்புறம் அவன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. எனக்கு நல்லது பண்ணிட்டதா நெனச்சிட்டிருக்கான். நானே சொல்லிக்கறேன். எப்பன்னு தெரியல. நீ சொல்லாதே, என்ன?"

"லவோன்! வா, வண்டி சூடாயிடுச்சு!" என்று டெல்மர் கூப்பிட்டார். அவள் போய் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை கவுண்டர் திறந்ததும் முதல் ஆளாக டெல்மர் நின்றார். சவரம் செய்து, தேவாலயத்துக்குப் போடுகிற சட்டை போட்டு, கையில் ஒரு காகிதச் சுருளோடு.

"லவோனுக்குத் தெரியாம வந்திருக்கேன். நீயும் சொல்லிடாதே," என்று கண்ணடித்தார். சுருளைக் கவுண்டரில் விரித்து, பறக்காமலிருக்க ஒரு முனையில் ஜோலீனின் காபிக் கோப்பையை எடுத்து வைத்தார். "வீட்டுக்குப் போயி தூக்கம் வரலை. உக்காந்து வரைஞ்சேன். இந்தா பாரு, சமையக்கட்டு. ஜன்னல் கெழக்க பாத்து. காலையில வெயில் வேணும்னு பேஸ்மென்ட்ல இருந்துகிட்டு சொல்லிட்டே இருப்பா. படி ஒண்ணுகூட கெடையாது, அவளுக்கு முட்டிவலி. இங்க தையல் மிஷினுக்கு எடம். கூலி ஆளு வேணாம், தெருவுல நாங்களே எழுப்பிடுவோம். தெருதான் தப்பிச்சாச்சே, இனிமே என்ன? அனுமதி குடு. பனி உருகி மண்ணு எளகினதும் தோண்டிடுவோம்."

ஜோலீன் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பென்சில் கோடுகள் சுத்தமாக இருந்தன. அலமாரிக்குக்கூட அளவு போட்டிருந்தார். ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சொல்லாதே என்று லவோன் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஆனால் மனுஷன் அனுமதி கேட்டு நிற்கிறார், ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எதைச் சொன்னாலும் ஒன்று அது பொய்யாக இருக்கும், இல்லை லவோன் சொல்லாதே என்ற உண்மையாக இருக்கும்.

"தர முடியாது, டெல்மர்."

"ஏன், நான் வரைஞ்சதுல தப்பா? இஞ்சினியர் கையெழுத்து வேணுமா?"

அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இது இன்னைக்கு படம். உங்க தெரு ஊதா. இது நாளைக்கு படம். நேத்து சாயங்காலம் வரைக்கும் ஆரஞ்சா இருந்துச்சு. இப்போ இதுவும் ஊதா. ஊதான்னா ஆலை மட்டும்தான். இருக்கற வீடு இருக்கலாம். போன வீட்டத் திரும்பக் கட்ட முடியாது."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் ஆற்றங்கரையைத் தொட்டுத் தொட்டு நகர்ந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இது என் வீடு."

"ஆமா."

"இதுவும் ஊதாதான்."

"ஆமா."

"நாங்க உள்ளபடியே விடுங்கன்னுதானே சொன்னோம்?"

"உள்ளபடியேதான் விட்டிருக்காங்க, டெல்மர்."

அவர் நிமிர்ந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. "கர்ட்டுக்கு ஃபோன் பண்றேன். தப்பா சொல்லிட்டோம்னு எல்லாருமா வந்து கையெழுத்துப் போடறோம். அடுத்த கூட்டம் எப்போ?"

"கூட்டம் மாசாமாசம் இருக்கு. ஆனா நாளைக்கு படத்த அடுத்து திறக்கறது பத்து வருஷம் கழிச்சுத்தான்."

"பத்து வருஷமா?" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பின்னால் வேலி போட அனுமதி கேட்டு வந்தவர் ஒருவர் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறி மாறி நின்றார்.

"லவோனுக்கு இது தெரியுமா?"

ஜோலீன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"நேத்தேவா?"

"நேத்தே. கூட்டம் முடிஞ்சப்பவே."

"காலையில எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தாளே," என்றார் டெல்மர். "தட்டுல ரெண்டு துண்டு கறி கூடவே வச்சா. நான் பாட்டுக்கு ஜெயிச்ச கதையத் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருந்தேன். எதிர்ல உக்காந்து கேட்டுட்டிருந்தா. இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமான்னு கேட்டா." காகிதத்தைச் சுருட்டப் போனவர் பாதியில் விட்டுவிட்டார். "நான் இப்போ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது, ஜோலீன்?"

அது அவருடைய சொந்த வீடு. அங்கே போகத்தான் அவருக்குக் கால் எழவில்லை. ஜோலீன் வேலிக்காரரை அடுத்த கவுண்டருக்குப் போகச் சொல்லிவிட்டு, அவர் உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.